பால் எடுக்கும்போது வலிக்கிறதா? புனலின் அளவைப் பாருங்கள்

தொழில் செய்யும் தாய்க்கு முழுச் சம்பளத்துடன் கிடைக்கும் பிரசவ விடுமுறை 84 நாட்கள். குழந்தைக்கோ ஆறு மாதம் நிறையும்வரை தாய்ப்பால் மட்டுமே போதிய உணவு. பாலூட்டலைப் பூரணப்படுத்த விரும்புவோருக்கு இரண்டு வருடங்களை அல்குர்ஆன் (2:233) குறிப்பிடுகிறது. மருதமுனையிலோ சாய்ந்தமருதிலோ பாடசாலைக்கும் கந்தோருக்கும் திரும்பும் தாய், இந்த இடைவெளியைப் பம்பின் உதவியோடு கடக்கலாம்.

ஆனால் சில நாட்களிலேயே "வலிக்குது, பாலும் வருகுதில்ல" என்று பம்பை ஒதுக்கிவிட்டுப் பால்மாவுக்கு மாறுவோருண்டு. பால் வற்றிவிட்டதென்று வீட்டாரும் சொல்லிவிடுவர். பல வேளைகளில் குறை தாயிடமல்ல, மார்பில் வைக்கும் புனலின் அளவில்தான்.

அளவு அறிவது எப்படி?

பம்புடன் வரும் புனல் பெரும்பாலும் 24 மில்லிமீற்றர். அது எல்லோருக்கும் பொருந்தாது. கருவட்டத்தைச் சேர்க்காமல், முலைக்காம்பின் அடிப்பகுதியின் குறுக்களவை அடிமட்டத்தால் அளவுங்கள். அதைவிடச் சற்றே பெரிய குழாயுள்ள புனலைத் தெரிவுசெய்யுங்கள்.

* காம்பு குழாயில் உராய்ந்தால் அல்லது வெளிறினால் புனல் சிறியது.
* கருவட்டமும் உள்ளே இழுபட்டால் புனல் பெரியது.
* காம்பு மட்டும் தடையின்றி அசைந்தால், வலி இல்லாவிட்டால் அளவு சரி.

இரு மார்புக்கும் அளவு வேறுபடலாம். விசையைக் கூட்டினால் பால் கூடும் என்பது தவறு. வலியும் பதற்றமும் பால் இறங்குவதைத் தடுக்கும். இளஞ்சூட்டுத் துணியால் ஒற்றி, மெதுவாகத் தடவிவிட்டு, குறைந்த விசையில் ஆரம்பியுங்கள். இறப்பர் குமிழ் பொருத்திய பழைய வகைப் பம்பைத் தவிருங்கள். குமிழின் உட்புறத்தைச் சுத்தம் செய்ய முடியாது. பம்பு வாங்க வசதியில்லையா? கையால் பால் எடுக்கும் முறையை உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்டுப் பழகுங்கள்.

சேமிப்பு

கைகளையும், பால் படும் பாகங்களையும் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள். எடுத்த பால் 25 பாகை செல்சியஸ் வரையான சூட்டில் 4 மணித்தியாலம் இருக்கும். நமது கரையோர வெயில் அதைவிடக் கடுமை; எனவே ஐஸ் வைத்த பெட்டியில் கொண்டுவாருங்கள். குளிர்சாதனப் பெட்டியின் உட்பக்கத்தில் 4 நாட்கள் வைக்கலாம். சூடாக்க, பாத்திரத்தை வெந்நீரில் வைத்தால் போதும். அடுப்பில் கொதிக்கவிட வேண்டாம். சிறு கோப்பையால் பருக்கலாம்.

மார்பு சிவந்து, கட்டியாகி, காய்ச்சலும் வந்தால் தாமதியாமல் வைத்தியரிடம் செல்லுங்கள்.

மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம், அதன் கீழ் வரும் தாய்க்கு, குழந்தைக்கு ஒரு வயதாகும்வரை நாளொன்றுக்கு இரு பாலூட்டும் இடைவேளைகளை வழங்குகிறது. அது சலுகையல்ல, உரிமை. கூச்சப்படாமல் கேளுங்கள்.