பாதி விலைச் சரக்கும் அதன் மீதி விலையும்

பால் பட்டுவாடா எந்த நாள், கரும்புப் பணம் எந்த மாதம், மரவள்ளிக் கிழங்கு எப்பொழுது விலையாகும் என்பனவற்றை நம்மினும் நன்றாய் அறிந்தவர் ஒருவர் உண்டு. அவர் வேனில் சரக்கேற்றிக்கொண்டு, ஒலிபெருக்கி முழங்க, பாப்பிரெட்டிப்பட்டிக்கும் பொம்மிடிக்கும் கடத்தூருக்கும் வந்து, “கம்பெனி விளம்பரத்திற்காக இன்று ஒரு நாள் மட்டும் பாதி விலை” என்று கூறுபவர். அவரைக் குறித்துச் சங்க அங்கத்தினர்களுக்குச் சில விஷயங்களைத் தெரிவிப்பதே இவ்வியாசத்தின் நோக்கம்.

தெருவில் விற்பவர் எல்லோரும் மோசக்காரர் என்று நாம் சொல்ல வரவில்லை. கீரை, உப்பு, மண்பாண்டம், துணி முதலியவற்றைத் தலைச்சுமையாகவும் சைக்கிளிலும் கொணர்ந்து நியாயமாய் விற்போர் அநேகர். அடுத்த வாரமும் அதே தெருவில் அவர்கள் கால் வைக்கவேண்டும். அதுவே நமக்குப் பந்தோபஸ்து. ஒருமுறை வந்து மறுமுறை வராதவரிடத்தில் அந்தப் பந்தோபஸ்து கிடையாது.

தள்ளுபடி என்றால் யாரோ ஒருவர் ஒரு தொகையை விட்டுக்கொடுக்கிறார் என்று பொருள். ஆகவே கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்தக் குறைவைத் தாங்குபவர் யார்? நேர்மையான தள்ளுபடியில் இதற்கு விடை உடனே கிடைக்கும். ஆடி மாதத்தில் ஜவுளிக் கடைக்காரர் விலை குறைப்பது, தீபாவளிக்குப் புதுச் சரக்கு இறக்குமுன் பழையதைத் தள்ளிவிடவே, தாங்குபவர் அவரே. 1935-ல் ஏற்பட்ட கோ-ஆப்டெக்ஸ் பண்டிகைக் காலத்தில் கைத்தறித் துணிக்குக் கொடுக்கும் தள்ளுபடிக்குச் சர்க்காரின் உதவி உண்டு. யூரியா 45 கிலோ மூட்டை சுமார் 266 ரூபாய்க்குக் கிடைப்பது மத்திய சர்க்காரின் மானியத்தினால். கூட்டுறவின் தாய்வீடாகிய இங்கிலாந்து தேசத்து ராச்டேல் நகரில், 1844-ஆம் வருஷம் டிசம்பர் 21-ந் தேதி கடை திறந்த தொழிலாளிகள் விலையைக் குறைத்து விற்கவேயில்லை. சந்தை விலைக்கே கலப்பில்லாத சரக்கை விற்று, மிஞ்சிய லாபத்தை அவரவர் கொள்முதலுக்குத் தக்கபடி பிறகு பங்கிட்டார்கள். லாபம் வந்த பின்னரே பங்கு. கணக்குப் புத்தகத்தைப் பார்த்த பின்னரே தள்ளுபடி. நமது மாகாணத்தில் 1904-ல் தோன்றிய திருவல்லிக்கேணிச் சங்கமும் அவ்வழியில் வந்ததே.

தெருவில் வரும் பாதி விலைக்காரரிடம் இதே கேள்வியைக் கேட்டால் அவர் பெட்டியின்மேல் அச்சிட்ட விலையைக் காட்டுவார். இவ்விடத்தில்தான் பலர் ஏமாறுகின்றனர். 2011-ஆம் வருஷத்துப் பொட்டலப் பொருள் விதிகளின்படி, பொட்டலத்தின்மேல் அதிகபட்ச சில்லறை விலை, தயாரிப்பாளர் பெயர், விலாசம், நிகர அளவு, மாதமும் வருஷமும், புகார் செய்வதற்கான தொடர்பு விவரம் ஆகியவை இருத்தல் வேண்டும். அந்த விலைக்கு மேல் விற்கக்கூடாதென்பதே விதி. ஆனால் மருந்து, உரம் போன்ற சிலவற்றைத் தவிர மற்றச் சரக்குகளுக்கு அந்த விலையை எழுதுபவர் தயாரிப்பாளரேயன்றிச் சர்க்கார் அல்ல. கேஸ் அடுப்பு ஒன்றின்மேல் 7,999 ரூபாய் என்று அச்சிட்டு 2,500 ரூபாய்க்குக் கொடுத்தால், வாங்குபவர் ஐயாயிரத்துச் சொச்சம் மீந்தது என்று மகிழ்வார். அதே தரத்து அடுப்பு கடையில் 2,200 ரூபாயாயிருப்பின் 300 ரூபாய் நஷ்டமே கண்ட பலன். தாங்குபவர் நாமே. ஆகையால் அச்சிட்ட விலையை விட்டுவிட்டு, பக்கத்து ஊர்க் கடை விலையை ஒரு போன் செய்து கேட்பது உத்தமம். அந்த ஐந்து நிமிஷ அவகாசத்தைக் கொடுக்க மறுத்து அவசரப்படுத்துகிறவரிடம் வாங்காதிருப்பதே மேல்.

குக்கருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமென்று 2020-ல் உத்தரவாயிற்று. முத்திரையோடு உரிம எண்ணும் இருக்கவேண்டும், பி.ஐ.எஸ். கேர் என்னும் செயலியில் அவ்வெண்ணை இட்டு உண்மையா என்று பார்க்கலாம். வெடிக்கும் பாத்திரத்தை மலிவாய் வாங்குவதில் அனுகூலம் யாது? “கேஸ் கம்பெனியிலிருந்து பரிசோதனைக்கு வந்தோம்” என்று அடுப்பங்கரைக்குள் நுழைந்து குழாயை மாற்றிப் பணம் கேட்பவரை, ஏஜென்சிக்கு நாமே போன் செய்து உறுதிப்படுத்திய பிறகே உள்ளே விடவேண்டும். எண்ணை அவர் கொடுக்க, அதற்குப் பேசுவது பயனில்லை. கேஸ் புத்தகத்திலுள்ள எண்ணுக்குப் பேசுக.

உரம், விதை, பூச்சிமருந்து விஷயம் இன்னும் எளிது. 1985-ஆம் வருஷத்து உரக் கட்டுப்பாட்டு உத்தரவுப்படி அதிகாரச் சீட்டின்றி எவரும் உரம் விற்கலாகாது. பூச்சிமருந்துக்கும் லைசென்ஸ் வேண்டும். மானிய விலைக்கும் கீழே டி.ஏ.பி. தருவதாக ஒருவர் களத்துமேட்டுக்கு வருவாராயின், விலை எவ்வளவு என்று கேட்பதே வீண். மூட்டைக்குள் இருப்பது வேறொன்று. மஞ்சளுக்கும் நெல்லுக்கும் அதை இட்டவர் அறுவடையிலன்றோ நஷ்டத்தைக் காண்பார்? அப்பொழுது விற்றவரைத் தேடுவது எங்கே?

நகைக்கு மெருகிடுவதாக வருபவர் வேறொரு வகை. பித்தளை விளக்கை முதலில் இலவசமாய்த் துலக்கிக் காட்டுவர். பின் வெள்ளிக் கொலுசு. நம்பிக்கை பிறந்ததும் தங்கச் சங்கிலி. நைட்ரிக் அமிலமும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்த ராஜ திராவகத்தில் தங்கம் கரையும். சங்கிலி பளபளவென்று திரும்பி வரும். எடை திரும்பி வராது. கரைந்த தங்கம் அவருடைய பாத்திரத்தில் நிற்கும். மஞ்சள் தூளில் புதைத்து “அரைமணி கழித்துத் திறவுங்கள்” என்றால், அந்த அரைமணி அவர் ஊரெல்லை தாண்டுவதற்கு.

இவை தனி வீட்டு நஷ்டங்கள். சங்கங்களையே பற்றிய நஷ்டத்திற்குக் கேரளத்தில் 2025-ல் வெளியான பாதி விலை விவகாரத்தைப் பார்க்கலாம். ஸ்கூட்டர், லாப்டாப், தையல் இயந்திரம் ஆகியவற்றைப் பாதி விலைக்குத் தருவதாகவும், மறு பாதியைப் பெரிய கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி ஏற்குமென்றும் சொல்லி, ஸ்கூட்டருக்குச் சுமார் 60,000 ரூபாய் வீதம் முன்பணம் வாங்கினர் என்பது புகார். முதலில் கட்டிய சிலருக்கு வண்டி கிடைத்தது. அதைக் கண்டு மற்றவர் கட்டினர். பிறகு வண்டி வரவில்லை. மூவாற்றுப்புழைப் போலீசார் முக்கிய நபரைக் கைது செய்தனர். தாங்குபவர் யார் என்ற கேள்விக்கு இங்கே அழகான விடை தயாராயிருந்தது. அந்தக் கம்பெனிகளின் கடிதத்தைக் கேட்டுப் பார்த்தவரே அரியர். ஊரில் நற்பெயருள்ள சங்கங்களும் தொண்டு ஸ்தாபனங்களும் வழியாகப் பணம் திரட்டப்பட்டதுதான் நாம் முக்கியமாய்க் கவனிக்கவேண்டியது. அந்நியரை நம்பாதவர்கூட அண்டைவீட்டாரை நம்பினர். ஆதலின் பஞ்சாயத்தார் சங்கக் கட்டடத்தையோ, மகளிர் குழுக் கூட்டத்தையோ, சங்கத்தின் பெயரையோ இத்தகைய விற்பனைக்கு ஒருபோதும் இரவல் கொடுக்கலாகாது. திண்ணையில் அரைமணி இடம் கொடுத்தாலும் ஜனங்கள் அதைச் சிபாரிசென்றே கொள்வர்.

சட்டம் நம் பக்கமே உள்ளது. 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ரசீது தர மறுப்பது முறையற்ற வியாபாரம். 2021-ஆம் வருஷத்து விதிகளின்படி நேரடி விற்பனைக் கம்பெனியின் ஆள் அடையாளச் சீட்டோடு, முன் சம்மதம் பெற்றே வீட்டுக்கு வரவேண்டும். ஏமாந்தவர் 1915 என்ற எண்ணுக்குப் பேசலாம். போன் மூலம் பணம் அனுப்பியிருந்தால் தாமதமின்றி 1930-க்குத் தெரிவிக்கவேண்டும். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லக்ஷம் ரூபாய் வரையுள்ள வழக்குக்குக் கட்டணமில்லை. ஆனால் நோட்டீஸ் அனுப்ப எதிராளியின் விலாசம் வேண்டுமே! வேன் நிற்கும்பொழுதே ரசீதில் பெயர், ஊர், ஜி.எஸ்.டி. எண் எழுதச் சொல்லி, வண்டி எண்ணையும் குறித்துக்கொண்டு, பிறகு பணத்தை எடுக்க.