லொறிச் சில்லு இரைந்தால்...

லொறிச் சில்லைப் பற்றி ஒரு மௌலவி எழுதுவதா என்று யோசிக்காதீர்கள். கண்டி, அக்குறணை, மாவனல்லைப் பகுதிகளில் எத்தனையோ வீடுகளில் ஒரு பழைய லொறியை நம்பித்தான் அடுப்பு எரிகிறது. எங்கள் ராத்தா வீட்டிலும் அப்படித்தான்.

ஒரு நாள் மச்சானோடு லொறியில் கொழும்பு போய் வந்த ராத்தா, "முன் சில்லில வண்டு மாதிரி ஏதோ இரையுது" என்றார். டயர்ச் சத்தம் என்று மச்சான் தட்டிக் கழித்தார். டயர்ச் சத்தம் பெரும்பாலும் வளைவில் மாறாது. இதுவோ வேகத்தோடு கூடியது. இடப்பக்கம் திரும்பும்போது இன்னும் கூடியது. இடப்பக்கம் திரும்பினால் பாரம் வலச் சில்லில் விழும். ஆகவே வலச் சில்லின் பெயாரிங்கைச் சந்தேகிக்க வேண்டும்.

அச்சுக்கும் சில்லுக்கும் நடுவே உருளும் எஃகு உருளைகளே பெயாரிங். மாட்டு வண்டிக்கு அன்று வண்டி மை செய்த வேலையை இன்று இதற்குக் கிறீஸ் செய்கிறது. கண்டி ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கடுகண்ணாவை இறக்கத்தில் பிரேக்கை அழுத்தியபடியே வந்தால் ட்ரம்மின் சூடு கிறீஸையும் இளக்கிவிடும். பிறகு உருளைகள் அரைபடும். அப்படியே ஓட்டினால் சில்லே கழன்று போகலாம். அந்த வளைவுக்குக் கீழே பாடசாலைப் பிள்ளைகள் நடந்து வருவார்கள்.

கைப்பழக்கமுள்ளவர் இதை வீட்டிலேயே மாற்றலாம். ஆனால் சமதரை வேண்டும். மற்றச் சில்லுகளுக்குக் கல் வைத்து, ஜெக்கை மட்டும் நம்பாமல் அச்சுக்கடியில் உறுதியான தாங்கியும் வைக்க வேண்டும். பிள்ளைகளைக் கிட்ட விடாதீர்கள். ட்ரம்மிலுள்ள தூசியை வாயால் ஊதவும் கூடாது; பழைய பிரேக் லைனிங்கில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம். ஈரத்துணியால் துடைப்பதே நல்லது.

பலர் மிச்சம் பிடிப்பது இங்கேதான்: உருளைகளை மட்டும் புதிதாகப் போட்டு, ஹப்பினுள் இறுகியிருக்கும் வெளி வளையத்தைப் பழையதாகவே விட்டுவிடுவார்கள். தேய்ந்த வளையம் புதிய உருளைகளையும் தின்றுவிடும். இரண்டும் சேர்ந்தே மாற வேண்டும், பின்னாலுள்ள சீலும் கூட. ரொட்டி மாவை அழுத்துவது போல் உள்ளங்கைக் கிறீஸில் பெயாரிங்கை அழுத்தி, மறுபக்கம் கிறீஸ் எட்டிப் பார்க்கும்வரை நிரப்ப வேண்டும். முற்றத்து மணல் ஒரு பொட்டு விழுந்தாலும் பாழ். ஆகவே கந்தல் கேட்டால் சுத்தமான துணியாகக் கொடுங்கள்.

நட்டை எவ்வளவு இறுக்குவது? சில்லைச் சுழற்றியபடி இறுக்கி, பிறகு தளர்த்தி, அந்த லொறியின் கைநூலில் சொன்ன அளவுக்கு மறுபடி இறுக்க வேண்டும். பலம் இருக்கிறதென்று முறுக்கினால் பெயாரிங் எரியும். தளர்ந்தால் சில்லு ஆடும். முதல் ஓட்டம் முடிந்ததும் இரு ஹப்புக்கும் அருகே புறங்கையைக் கொண்டுபோய்ப் பார்க்கலாம். ஒன்று மட்டும் அதிகம் சுட்டால் திரும்பக் கழற்ற வேண்டியதுதான்.

நட்டைக் கழலாமல் தடுப்பது ஒரு சிறு ஸ்பிளிட் பின். மச்சான் பழையதையே நிமிர்த்தி மாட்டப் பார்த்தார். ராத்தா ஒன்றும் பேசவில்லை. மகனைக் கடைக்கு அனுப்பிவிட்டார்.