இட்டிலி மாவும் தில்லி அறிவிக்கையும்



தேவை மிகுந்தால் விலை ஏறும். வரத்து மிகுந்தால் விலை இறங்கும். பொருளியல் நூல்கள் இதனையே முதற் பாடமாகக் கற்பிக்கின்றன. இவ்விரண்டோடு மூன்றாவதாக ஒன்றும் விலையை ஆட்டிவைக்கிறது. அது அரசுகளின் வணிகக் கொள்கை. இதனை விளங்கிக்கொள்ளச் சிக்காகோ நகரின் கோதுமைச் சந்தைக்கோ இலண்டன் நகரின் எண்ணெய்ச் சந்தைக்கோ செல்ல வேண்டுவதில்லை. இரவில் நம் வீட்டு அடுக்களையில் ஊறும் உளுந்தே போதுமானது.

பர்மியர் மட்பே என்று வழங்கும் உளுந்து, பெகு, ஐராவதி, யாங்கோன் வட்டாரங்களில் நெல் அறுவடையான பின், மண்ணில் எஞ்சிய ஈரத்தைக் கொண்டே விளைவது. கார்த்திகை, மார்கழியில் விதைப்பர். மாசி, பங்குனியில் பறிப்பர். தஞ்சைப் பகுதியில் 'நெல் தரிசு உளுந்து' என்று சொல்வதும் இம்முறையையே. துவரையோ நாட்டின் நடுவிலுள்ள வறண்ட நிலங்களுக்கு உரியது.

1988ஆம் ஆண்டிலே பயறு வணிகம் தனியாருக்குத் திறந்துவிடப்பட்டது. அரிசி ஏற்றுமதியோ அதன்பின் பல ஆண்டுகள் அரசின் கையிலேயே இருந்தது. எனவே கையில் முதல் வைத்திருந்த வணிகர் பயற்றின் பக்கம் திரும்பினர், உழவரும் திரும்பினர். இவ்வளவு உளுந்தையும் உண்பவர் யார்? பர்மியர் முளைகட்டிச் சிறிது உண்பர். பெரும்பகுதி கப்பலேறிச் சென்னைக்கும் மும்பைக்கும் செல்கிறது. இட்டிலியும் வடையும் அப்பளமும் உண்ணும் நாடே அதனை வாங்கும் நாடு. அரிசிக்குச் சீனம், வங்கதேசம், ஆப்பிரிக்கா, ஐரோப்பா எனப் பல வாயில்கள் உண்டு. உளுந்துக்கோ ஏறத்தாழ ஒரே வாயில்தான். அவ்வாயிலின் தாழ்ப்பாள் தில்லியில் இருக்கிறது.

2014, 2015 ஆகிய ஈராண்டுகளும் இந்தியாவில் பருவமழை பொய்த்தது. 2015ஆம் ஆண்டின் பிற்பகுதியில் துவரம் பருப்பு கிலோ ஒன்றுக்கு 200 ரூபாயை எட்டியது. உளுந்தின் விலையும் உடன் ஏறிற்று. இங்கும் விலை உயரவே, அடுத்த பருவத்தில் உழவர்கள் கூடுதலாக விதைத்தனர். அவர்களைக் குறைகூற இயலாது. நாமும் அப்படித்தான் செய்திருப்போம். ஆயின் இதே விலையைக் கண்டு இந்திய உழவர்களும் கூடுதலாக விதைத்தனர். 2016இல் மழையும் நன்கு பெய்தது. முந்தைய ஆண்டில் ஏறத்தாழ 1 கோடியே 63 இலட்சம் டன்னாக இருந்த இந்தியப் பயறு விளைச்சல், 2016-17இல் 2 கோடியே 31 இலட்சம் டன்னாகப் பெருகியது. அவ்வாண்டே ஏறத்தாழ 66 இலட்சம் டன் பயறு வெளிநாடுகளிலிருந்தும் வந்து குவிந்தது. அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலைகூடப் பல இடங்களில் இந்திய உழவர்க்குக் கிட்டவில்லை.

2017 ஆகஸ்டு 5ஆம் நாள், துவரை இறக்குமதி ஆண்டுக்கு 2 இலட்சம் டன்னுக்கு மேற்படலாகாது எனத் தில்லி அறிவித்தது. அதே மாதம் 21ஆம் நாள், உளுந்துக்கும் பாசிப்பயறுக்கும் சேர்த்து 3 இலட்சம் டன் என்ற வரம்பு வந்தது. யாங்கோனின் பாயின்நவுங் மொத்தச் சந்தையில் விலை சரிந்தது. இங்கு அவ்வாண்டு மழையிலோ மண்ணிலோ எக்குறையும் இல்லை; கடலுக்கு அப்பால் வெளியான அறிவிக்கையே விலையை மாற்றியது. (அச்சந்தையில் இன்றும் வழங்கும் 'விஸ்' என்னும் நிறை, நம் பழைய வீசையே. சென்னை வீசை ஏறத்தாழ 1.4 கிலோ, இங்குள்ளது 1.63 கிலோ. சொல் நம்முடையது, எடைதான் கூடிவிட்டது.)

இங்கே மாணவர்கள் ஒன்றைக் கருத வேண்டும். விலை ஒரே நாளில் மாறும். விளைச்சல் மாற ஒரு பருவம் வேண்டும். உழவன் விதைக்கும்போது காண்பது கடந்த பருவத்தின் விலை. அவன் விற்கும்போது கிடைப்பதோ வேறொரு விலை. இந்த இடைவெளிக்குள் கொள்கையும் மாறினால், விதைக்கும் மூட்டைக்கும் வாங்கிய கடன் மட்டுமே மாறாமல் நிற்கும்.

அக்காலத்தில் நாம் பெகு வட்டாரத்தில் ஒரு கிராமப் பள்ளியில் ஆசிரியராக இருந்தோம். (இன்று அவ்வூரை விட்டு ஏதிலியாக இந்நகரில் வாழ்கின்றோம்.) 2018 அறுவடைக்குப் பின் எமது மாலை வகுப்பில் பிள்ளைகள் குறைந்தனர். கணக்கில் முதன்மையாக நின்ற இரு மாணவர் தாய்லாந்துக்கு வேலைக்குப் போயினர். உளுந்து விலை ஒன்றே காரணம் என்று நாம் சொல்லோம். குடும்பங்களுக்கு வேறு துன்பங்களும் இருந்தன. ஆயினும் அவ்விருவர் வீட்டிலும் விலையேறும் என்று காத்திருந்த மூட்டைகளை நாம் கண்டோம்.

இத்தகைய நிலை பர்மாத் தமிழர்க்குப் புதிதன்று. 1869இல் சூயசுக் கால்வாய் திறந்தபின் ஐரோப்பிய வணிகம் பெருகி, பர்மா உலகிலேயே மிகுதியாக அரிசி ஏற்றுமதி செய்யும் நாடாயிற்று. அந்நிலங்களுக்குப் பெருமளவில் கடன் கொடுத்தவர்கள் நாட்டுக்கோட்டை நகரத்தார். 1930இல் உலகப் பொருளாதார மந்தத்தால் நெல் விலை வீழ்ந்தது. கடனுக்கு ஈடான நிலங்கள் கைமாறின. கீழ்ப் பர்மாவின் 13 முதன்மை நெல் மாவட்டங்களில் 1930இல் செட்டியார்களிடம் இருந்த நிலம் நூற்றுக்கு 6 பங்கு. 1937இல் 25 பங்கு. நிலம் இழந்தவன் கண்ணுக்கு உலகச் சந்தை தெரியவில்லை. எதிரே கணக்குப் புத்தகத்துடன் இருந்தவர்தாம் தெரிந்தார். பின்னாளில் நம்மவர் மீது எழுந்த கசப்புக்கு அவ்வேழாண்டுகளில் ஒரு வேர் உண்டு என்பது எமது கருத்து.

மீண்டும் உளுந்துக்கு வருவோம். இந்தியாவில் விலை திரும்ப ஏறவே, 2021 மே மாதத்தில் தில்லி வரம்பை நீக்கியது. அடுத்த மாதமே, ஆண்டுக்கு 2½ இலட்சம் டன் உளுந்தும் 1 இலட்சம் டன் துவரையும் ஐந்தாண்டுகளுக்கு இங்கிருந்து வாங்குவதாக உடன்பாடு எழுதப்பட்டது. அதில் அளவு உண்டு. உழவனுக்கு விலை உறுதி இல்லை. விலை நன்றாக இருந்தபோதும் அது முழுதாக உழவனைச் சேர்வதில்லை. 2022 ஆகஸ்டில், ஏற்றுமதியாளர் ஈட்டும் டாலரில் 65 விழுக்காட்டை ஒரு டாலருக்கு 2,100 கியாட் என்ற அரசு விகிதத்தில் மாற்ற வேண்டும் என்ற விதி வந்தது. வெளிச் சந்தையில் டாலர் அதனினும் மிக உயர்ந்து நின்றது. அவ்விழப்பை வணிகர் யார் தலையில் இறக்கி வைப்பர் என்பதை நாம் விளக்க வேண்டுவதில்லை.

ஒரே விற்பனையாளரை நம்பியிருப்பது வாங்குபவருக்கும் இடர்தான் என்பதை இந்தியாவும் உணர்ந்துள்ளது. துவரைக்காக 2016இலேயே மொசாம்பிக்குடன் உடன்பாடு செய்துகொண்டது. உளுந்து, அண்மை ஆண்டுகளில் பிரேசிலிலிருந்தும் வரத் தொடங்கியுள்ளது. இட்டிலியை அறியாத நாட்டில், நம் இட்டிலிக்காகவே அங்குள்ள உழவர் பெரும் பொறிகளைக் கொண்டு உளுந்து அறுக்கின்றனர். பெகுவிலோ இன்னும் கையால்தான் பறிக்கின்றனர்.