ஏதுவும் காரணமும்: நியூ ஜெர்சியின் குறைந்தபட்ச ஊதிய ஆய்வு வழியே ஒரு விளக்கம்

முன்னுரை

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையைத் தமிழர் அனைவரும் அறிவர். இரு நிகழ்வுகள் ஒருசேர நிகழ்ந்தமையால் மட்டும் ஒன்று மற்றொன்றை விளைவித்தது எனக் கொள்ளலாகாது என்பதே அப்பழமொழியின் கருத்து. கடந்த நாற்பது ஆண்டுகளில் பொருளாதார அளவையியல் தன் முறைகளைத் திருத்திக்கொண்ட வரலாறு, பெரும்பாலும் இவ்வையத்திற்கு விடை தேடிய வரலாறாகும். அத்தேட்டத்திற்கான அங்கீகாரமாகவே 2021-ஆம் ஆண்டின் பொருளியல் நோபல் பரிசு டேவிட் கார்டு, ஜோசுவா ஆங்கிரிஸ்ட், கைடோ இம்பென்ஸ் ஆகிய மூவருக்கும் வழங்கப்பட்டது. அம்முறைகளுள் ஒன்றை ஒரே ஓர் ஆய்வின் துணைகொண்டு விளக்குவதும், தமிழ் தொடர்பான ஆய்வுகளுக்கு அதனால் விளையும் பயனைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. இரு சொற்களின் வேறுபாடு

மணிமேகலையின் 27-ஆம் காதை அளவைகளைத் தொகுத்துரைக்குமிடத்துக் கருத்தளவையின் வகைகளையும் குறிப்பிடுகிறது. பெருகிவரும் வெள்ளத்தைக் கண்டு மேற்புறத்தே மழை பெய்தமையை உணர்தல் எச்சம் எனவும், கருக்கொண்ட முகிலைக் கண்டு மழை பெய்யும் என உரைத்தல் முதல் எனவும் அங்கே பெயர் பெறுகின்றன. வெள்ளம் மழையை அறிவதற்கு ஏதுவாகிறது. ஆனால் மழைக்கு அது காரணம் அன்று. ஒன்றை அறியத் துணைசெய்வது ஏது. ஒன்றை நிகழச்செய்வது காரணம்.

இவ்வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சி அன்று. நாளை என்ன நிகழும் என முன்னுரைக்க விரும்புவோர்க்கு ஏது போதும். நிகழ்வதை மாற்ற விரும்புவோர்க்குக் காரணம் வேண்டும். வெள்ளத்திற்கு அணை கட்டி மழையை நிறுத்த இயலாது. புள்ளியியல் கூறும் ஒட்டுறவு, ஏதுவின் இனத்தைச் சார்ந்தது. அரசின் சட்டங்களோ காரணத்தை நம்பி இயற்றப்படுகின்றன. இவ்விரண்டும் மயங்குமிடத்துத் துன்புறுவோர், சட்டம் யார்பொருட்டு இயற்றப்பட்டதோ அவர்களே.

2. நிகழாததை அறிதல்

ஊதியத்தை உயர்த்தும் சட்டம் ஒன்றன் விளைவை அறிய, உயர்த்திய பின் உள்ள நிலையை, உயர்த்தாதிருந்தால் இருந்திருக்கக்கூடிய நிலையோடு ஒப்பிடல் வேண்டும். இவற்றுள் முன்னதே கண்ணுக்குப் புலப்படும். பின்னது நிகழவே இல்லை. அதனை எதிருண்மை நிலை எனலாம். காரணம் பற்றிய ஆய்வு அனைத்தும், நிகழாத அந்நிலைக்குத் தக்க பதிலியைத் தேடும் முயற்சியே.

மிகச் சிறந்த பதிலியைத் தருவது குலுக்கல். பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் கூறும் குடவோலை முறையில், தகுதியுடையோர் பெயர்களுள் எது வெளிப்படும் என்பதை எவர் விருப்பும் முடிவு செய்வதில்லை. ஆட்சியில் நடுவுநிலை தரும் அப்பண்பே ஆய்வில் நம்பகத்தன்மையைத் தருகிறது. குலுக்கலில் தேர்ந்தோரும் தேராதோரும் மற்றெல்லா வகையிலும் சராசரியாக ஒத்திருப்பர். வியட்நாம் போருக்கு ஆள் திரட்ட அமெரிக்க அரசு பிறந்தநாள்களைக் குலுக்கி எடுத்ததைப் பயன்படுத்தி, படைப்பணி பிற்கால வருவாயை எவ்வாறு பாதித்தது என ஆங்கிரிஸ்ட் 1990-இல் ஆராய்ந்தது இவ்வடிப்படையிலேயே ஆகும்.

ஆனால் சட்டங்களைக் குலுக்கலால் எவரும் இயற்றுவதில்லை. அத்தகைய இடங்களில் வரலாறே தற்செயலாக அமைத்துத் தரும் ஒப்பீட்டை நாட வேண்டியுள்ளது. இதனை இயற்கைச் சோதனை என்பர்.

3. நியூ ஜெர்சி, 1992

குறைந்தபட்ச ஊதியம் உயர்ந்தால் வேலைவாய்ப்புக் குறையும் என்பது நெடுங்காலமாகப் பாடநூல்கள் கூறிவந்த முடிவு. விலை ஏறினால் வாங்குவோர் குறைவர் என்னும் பொதுவிதியின் நீட்சி அது. 1992 ஏப்ரல் 1 அன்று நியூ ஜெர்சி மாநிலம் தன் குறைந்தபட்ச ஊதியத்தை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்த்தியது. அடுத்துள்ள பென்சில்வேனியாவில் அது 4.25 டாலராகவே நீடித்தது. உயர்வுக்கான சட்டம் 1990-இலேயே நிறைவேறியிருந்தது. எனவே 1992-இன் பொருளாதார நிலையைக் கண்டு வகுக்கப்பட்ட உயர்வாக அதனைக் கருதுவதற்கில்லை.

கார்டும் ஆலன் குரூகரும் இரு மாநிலங்களிலுமாக 410 துரித உணவகங்களை உயர்வுக்கு முன்னும் பின்னும் கேட்டறிந்து, 1994-இல் முடிவுகளை வெளியிட்டனர். பகுதிநேரப் பணியாளர் இருவரை முழுநேரப் பணியாளர் ஒருவராகக் கணக்கிட்டு, ஓர் உணவகத்தின் சராசரிப் பணியாளர் எண்ணிக்கையை அவர்கள் கண்டனர். நியூ ஜெர்சியில் அது 20.44-இலிருந்து 21.03 ஆயிற்று. பென்சில்வேனியாவில் 23.33-இலிருந்து 21.17 ஆகக் குறைந்தது.

இவ்வெண்களை மூவகையாக நோக்கலாம். உயர்வுக்குப் பின் உள்ள நிலையை மட்டும் ஒப்பிட்டால், 21.03, 21.17 என இரு மாநிலங்களும் ஏறத்தாழ ஒன்றே. விளைவு ஏதுமில்லை எனத் தோன்றும். ஆயினும் தொடக்கத்திலேயே இரண்டும் வேறுபட்டிருந்தன என்பதை இந்நோக்கு மறைக்கிறது. நியூ ஜெர்சியின் முன்னையும் பின்னையும் மட்டும் ஒப்பிட்டால் 0.59 உயர்வு தெரியும். ஆயினும் அவ்விடைக்காலத்தில் அவ்வட்டாரம் முழுவதும் வணிகம் தளர்ந்திருந்தால் அத்தளர்ச்சியை அது கணக்கில் கொள்ளாது. மூன்றாவது வழி, பென்சில்வேனியாவின் மாற்றத்தை நியூ ஜெர்சியின் எதிருண்மை நிலைக்குப் பதிலியாகக் கொள்கிறது. ஊதியம் உயராதிருப்பின் நியூ ஜெர்சியும் 2.16 அளவு குறைந்து 18.28-ஐ அடைந்திருக்கும். உண்மையில் அது 21.03. ஆகவே உயர்வின் விளைவு ஏறத்தாழ 2.75 பணியாளர் மிகுதி. வேறுபாட்டின் வேறுபாடு எனப்படும் முறை இதுவே.

பாடநூல் எதிர்பார்த்தது குறைவு. கிடைத்ததோ அதற்கு எதிர்த்திசை. இதனைக் கோட்பாட்டளவில் விளக்க இடமுண்டு. ஜோன் ராபின்சன் 1933-இல் விரித்துரைத்தவாறு, ஊதியத்தைத் தாமே முடிவு செய்யும் ஆற்றல் வாய்ந்த முதலாளிகள் குறைந்த ஊதியத்தில் குறைவான ஆட்களை வைத்துக்கொள்வர். அவ்விடத்துச் சட்டம் ஊதியத்தை ஓரளவுக்கு உயர்த்தினால் வேலைவாய்ப்புக் குறைய வேண்டிய தேவை இல்லை.

4. மறுப்பும் மறுமொழியும்

இம்முறை ஒரே ஒரு கருதுகோளின் மேல் நிற்கிறது: சட்டம் இல்லாதிருப்பின் இரு மாநிலங்களும் இணைப்போக்கில் சென்றிருக்கும் என்பது அது. நியூ ஜெர்சியின் உயர்வைவிடப் பென்சில்வேனியாவின் வீழ்ச்சியே முடிவின் பெரும்பகுதியைத் தருகிறது என்பதை வாசகர் கவனித்திருப்பர். அவ்வீழ்ச்சி பென்சில்வேனியாவுக்கே உரிய தனிக்காரணத்தால் நேர்ந்திருந்தால் முடிவு தகர்ந்துவிடும்.

இதனை உணர்ந்த ஆய்வாளர்கள் நியூ ஜெர்சிக்குள்ளேயே மற்றோர் ஒப்பீட்டை நிகழ்த்தினர். முன்னரே 5 டாலரோ அதற்கு மேலோ வழங்கிவந்த உணவகங்களைப் புதிய சட்டம் அரிதாகவே தீண்டும். அவற்றில் பணியாளர் எண்ணிக்கை சராசரியாக 2 அளவு குறைந்திருந்தது. பென்சில்வேனியாவின் வீழ்ச்சியும் ஏறத்தாழ அதுவே. 4.25 டாலர் வழங்கிவந்தவற்றிலோ எண்ணிக்கை உயர்ந்திருந்தது. இரு வேறு பதிலிகள் ஒரே திசையைக் காட்டியமை வாதத்திற்கு வலுச்சேர்த்தது.

விவாதம் அத்துடன் முடியவில்லை. தொலைபேசி வழித் திரட்டிய எண்கள் நம்பத்தக்கன அல்ல எனக் கூறி, டேவிட் நியூமார்க்கும் வில்லியம் வாஷரும் உணவகங்களின் ஊதியப் பதிவேடுகளைக் கொண்டு 2000-இல் எதிர்முடிவு ஒன்றை வெளியிட்டனர். அதே ஆண்டில் அரசின் வேலைவாய்ப்புப் பதிவுகளைக் கொண்டு கார்டும் குரூகரும் மறுமொழி அளித்தனர். வேலைவாய்ப்பில் பெரும்பாலும் மாற்றமில்லை, ஒருகால் சிறிய உயர்வு இருக்கலாம் என்பதே அவர்தம் இறுதி நிலை. 2.75 என்னும் எண் நிலைபெறவில்லை. பெருங்குறைவு நேரும் என்னும் உறுதிப்பாடும் நிலைபெறவில்லை. பின்னர் 1979 முதல் 2016 வரை அமெரிக்க மாநிலங்களில் நிகழ்ந்த 138 ஊதிய உயர்வுகளை ஒருசேர ஆராய்ந்து செங்கிஸ், துபே, லின்ட்னர், சிப்பரர் ஆகியோர் 2019-இல் வெளியிட்ட கட்டுரையும், குறைந்த ஊதிய வேலைகளின் மொத்த எண்ணிக்கை பெரிதும் மாறவில்லை என்றே கண்டது.

இதிலிருந்து எவ்வளவு உயர்த்தினாலும் தீங்கில்லை எனக் கொள்வது பிழை. 80 சென்ட் உயர்வைப் பற்றிய சான்று, அதனினும் பன்மடங்கான உயர்வைப் பற்றி எதுவும் கூறாது. ஓரிடத்துச் சான்றின் எல்லையை அறிவதும் இம்முறையின் ஒழுக்கமே.

5. தமிழ் ஆய்வுக்கு இதனால் என்ன?

புலம்பெயர் நாடுகளில் வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளுக்குச் செல்லும் பிள்ளைகள் பிற பாடங்களிலும் சிறந்து விளங்குகின்றனர் என்று மேடைகளில் அடிக்கடி கூறக் கேட்கிறோம். அது உண்மையாகவே இருக்கலாம். ஆயினும் ஓய்வுநாளில் பிள்ளையை நெடுந்தொலைவு அழைத்துச் சென்று காத்திருக்கும் பெற்றோர், அப்பிள்ளையின் கணக்குப் பாடத்தையும் கவனிப்பவராகவே இருத்தல் இயல்பு. செல்வோரையும் செல்லாதோரையும் நேரே ஒப்பிட்டால், பள்ளியின் பயனையும் பெற்றோரின் பண்பையும் பிரித்தறிய முடியாது. இதுவே தேர்வுச் சாய்வு. அங்கே தமிழ்ப் பள்ளி, நல்ல பெற்றோரை அறிய உதவும் ஏதுவாக மட்டும் இருந்துவிடக்கூடும்.

தீர்வு அரிதன்று. இடங்களைவிட விண்ணப்பங்கள் மிகும் பள்ளி, குலுக்கல்வழிச் சேர்க்கை நடத்துமானால், இடம் பெற்றோரையும் பெறாதோரையும் சில ஆண்டுகள் தொடர்ந்து நோக்கலாம். ஒரு நகரில் புதிய பள்ளி தொடங்கப்படும்போது, அத்தகைய பள்ளி இல்லாத ஒத்த நகரோடு முன்பின் மாற்றங்களை ஒப்பிடலாம். இவ்விரண்டிற்கும் வேண்டுவது, பள்ளி தொடங்குவதற்கு முன்னரே பதிவுகளைப் பேணத் தொடங்கும் வழக்கம். பின்னர் எண்ணிப் பார்த்துத் திரட்ட முயன்றால் முன்னைய நிலை மீளக் கிடைக்காது.

முடிவுரை

தாய்மொழிக் கல்விக்கு ஆதரவு கோரி நாம் அரசுகளிடம் செல்லும்போது, நம் வாதத்தை முதலில் சோதிப்பவர் அவ்வரசின் பொருளியல் ஆலோசகராகவே இருப்பார். தேர்வுச் சாய்வை அவர் ஒரு நொடியில் கண்டுகொள்வார். அதன்பின் நம் வாதத்தின் நல்ல பகுதிகளும் மதிப்பிழக்கும். அவ்வினாவை நாமே முன்கூட்டி எழுப்பி, விடையோடு செல்லுதல் நலம். விடை நமக்கு உவப்பானதாக அமையாமலும் போகலாம். அப்போதும், பயன் தராத முறையில் பிள்ளைகளின் ஓய்வுநாள்களைச் செலவிடாமல், பயன் தரும் முறையைத் தேட அது வழிவகுக்கும். ஏதுவையும் காரணத்தையும் பிரித்துணரச் சொற்கள் நம் மொழியில் நெடுங்காலமாக உள்ளன. இனி வேண்டுவன பதிவுகளே.