உங்களுக்குத் தெரியுமா? பிராட்வே ஏறிய கார்ட்டூன் கடிகாரம்

1991-இல் டிஸ்னியின் ‘பியூட்டி அண்ட் தி பீஸ்ட்’ கார்ட்டூன் படம் வந்தபோது, அந்த ஆண்டின் சிறந்த பிராட்வே இசை இந்தப் படத்தில்தான் இருக்கிறது என்ற பொருளில் எழுதினார் நியூயார்க் டைம்ஸ் நாடக விமர்சகர் ஃபிராங்க் ரிச். நியூயார்க்கின் நாடக உலகமான பிராட்வேயின் தலையில் வைத்த குட்டு அது. டிஸ்னியோ களத்தில் இறங்கியே விட்டது. 1994 ஏப்ரலில் பிராட்வேயின் பேலஸ் தியேட்டரில் அந்தப் படம் இசை நாடகமாக அரங்கேறியது.

படத்தில் மெழுகுவர்த்தித் தண்டும் மேசைக் கடிகாரமும் சின்னஞ்சிறு பொருள்கள். மேடையிலோ ஆள் உயர நடிகர்கள்! என்ன செய்வது? கதாசிரியர் லிண்டா வூல்வர்டன், வேலைக்காரர்களைப் பொருள்களாக்கிய சாபத்தையே கொஞ்சம் மாற்றினார்: அரண்மனை வேலைக்காரர்கள் நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகப் பொருளாகிக்கொண்டிருக்கிறார்கள். பாதி மனிதர், பாதி கடிகாரம். உடைச் சிக்கலும் தீர்ந்தது. படத்தில் இல்லாத பதற்றமும் கதைக்குள் வந்தது. மெழுகுவர்த்தித் தண்டான லூமியேரின் கைகளில் நிஜத் தீயே எரிந்தது. கோப்பைச் சிறுவன் சிப், தலை மட்டும் தெரியத் தள்ளுவண்டியில் வந்தான்.

படத்தில் மிருகத்துக்குத் தனிப்பாட்டே கிடையாது. மேடை நாயகனுக்கு அது கட்டுப்படியாகுமா? பாடலாசிரியர் ஹோவர்ட் ஆஷ்மன் படம் வெளிவருமுன்பே காலமாகியிருந்ததால், ஆலன் மென்கனின் மெட்டுகளுக்கு மிருகத்தின் தனிப்பாட்டு உள்ளிட்ட புதிய பாடல்களை டிம் ரைஸ் எழுதினார். படத்திலிருந்து வெட்டப்பட்ட ‘ஹியூமன் அகெய்ன்’ பாடல் மேடையில் பிழைத்து, 2002-இல் படத்தின் சிறப்புப் பதிப்பிலும் இடம்பிடித்தது.

ஒன்பது டோனி நாடக விருதுப் பரிந்துரைகளில் கைக்கு வந்தது ஒன்றுதான்: ஆடை வடிவமைத்த ஆன் ஹூல்ட்-வார்டுக்கு. ஆனாலும் 2007 வரை 5,461 காட்சிகள்!