காரம் மட்டும் போதுமா?
தட்டைப்பயறு நெத்திலிக் குழம்பு

விடியற்காலையில் வேலைக்குப் புறப்படும் தாய்க்குச் சமையலுக்கு நேரம் ஏது? ஒரு பானைச் சோறு, மிளகாய்ச் சம்பல், பொரித்த கருவாட்டுத் துண்டு ஒன்று. பல வீடுகளில் நாள்கள் இப்படியே கழிகின்றன. காரம் இருந்தால் சோறு தானாக இறங்கும், வயிறும் நிரம்பும். ஆனால் வயிறு நிரம்புவது வேறு. உடம்பில் ஒட்டுவது வேறு.

இந்த வேறுபாட்டை ஆசிரியர்களாகிய நாங்கள் வகுப்பறையில் காண்கிறோம். காலை 10 மணிக்கே மேசையில் தலைசாய்க்கும் பிள்ளைகள் எல்லாரையும் சோம்பேறிகள் என்று சொல்லிவிட முடியாது. வெறும் தேத்தண்ணீர் குடித்துவிட்டு வந்த பிள்ளைக்குப் பாடம் எப்படி ஏறும்?

மிளகாய்மேல் குற்றமில்லை. அமெரிக்காவில் பிறந்த இந்தக் காயைப் போர்த்துக்கீசியர் 16ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். மிளகைப் போலக் காரம் தந்த காய், ஆகவே மிளகாய் ஆயிற்று. அது நாவுக்கு ருசி தரும். வளரும் பிள்ளைக்குச் சதை வைக்கப் புரதம் வேண்டும். 100 கிராம் அரிசியில் ஏறக்குறைய 7 கிராம் புரதம்தான் உண்டு. 100 கிராம் காய்ந்த தட்டைப்பயற்றிலோ ஏறக்குறைய 24 கிராம்! அரிசியில் குறைந்திருப்பதைப் பயறும், பயற்றில் குறைந்திருப்பதை அரிசியும் ஈடுசெய்யும். ஆகவே காரக் குழம்பிலேயே பயற்றைச் சேர்த்துவிட்டால் என்ன?

தேவையானவை (6 பேருக்கு)

தட்டைப்பயறு 250 கிராம், காய்ந்த நெத்திலி 100 கிராம், கத்தரிக்காய் 4, சின்ன வெங்காயம் 15, பூண்டு 8 பல், தக்காளி 2, சிறு எலுமிச்சை அளவு புளி, முருங்கைக்கீரை இரண்டு கைப்பிடி. அரைக்க: காய்ந்த மிளகாய் 8, மல்லி 3 மேசைக்கரண்டி, சீரகம் 1 தேக்கரண்டி, மிளகு அரைத் தேக்கரண்டி, மஞ்சள் சிறிது. தாளிக்க எண்ணெய், கடுகு, கறிவேப்பிலை.

செய்முறை

பயற்றை இரவே ஊறப் போடுங்கள். மறுநாள் அந்த நீரை வடித்து, புது நீரில் மெத்தென்று வேக விடுங்கள். பயறு வேகுமுன் புளியைச் சேர்க்காதீர்கள். புளிப்புப் பட்டால் பயறு இளகாது; விறகும் வாயுவும்தான் வீண்.

நெத்திலியின் தலையைக் கிள்ளி, இருமுறை கழுவி, இலேசாக வறுத்து வையுங்கள். வேறு சட்டியில் கடுகு, கறிவேப்பிலை தாளித்து வெங்காயம், பூண்டு, தக்காளியை வதக்குங்கள். வறுத்து அரைத்த மசாலையைப் போட்டுப் பச்சை வாசனை போகக் கிளறுங்கள். கத்தரிக்காயையும் வெந்த பயற்றையும் அதன் நீரோடு சேர்த்துக் கொதிக்க விடுங்கள். காய் வெந்ததும் புளியைக் கரைத்து ஊற்றி, நெத்திலியைப் போடுங்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கீரையைத் தூவி, ஒரு கொதி வந்ததும் இறக்குங்கள். நெத்திலியில் உப்பு இருப்பதால், ருசி பார்த்த பிறகே உப்புச் சேர்க்க வேண்டும்.

சின்னக் குழந்தைகளுக்கு மசாலை சேர்க்குமுன் வெந்த பயற்றில் கொஞ்சம் எடுத்து மசித்து, சோற்றோடு பிசைந்து ஊட்டலாம். எஞ்சிய குழம்பைக் காலையில் நன்றாகக் கொதிக்கவைத்த பிறகே பரிமாறுங்கள்.

கவனிக்க வேண்டியவை

பயற்றிலும் கீரையிலும் இரத்தத்துக்கு வேண்டிய இரும்புச்சத்து உண்டு. சாப்பிட்ட கையோடு தேத்தண்ணீர் குடித்தால் அது உடம்பில் சரியாகச் சேராது; ஒரு மணி நேரமாவது பொறுங்கள். அதற்குப் பதில் சோற்றின்மேல் எலுமிச்சை பிழிந்துகொள்ளலாம், அல்லது வீட்டோரத்துக் கொய்யாவில் ஒன்றைத் தின்னலாம். இரும்புச்சத்து உடம்பில் சேர இவை துணைசெய்யும். நெத்திலியை முள்ளோடு தின்பதால் எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கிறது.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. கணவருக்கும் பிள்ளைகளுக்கும் வழித்துப் போட்டுவிட்டு, சட்டியில் ஒட்டிய குழம்போடு நீங்கள் சோற்றை முடித்துக்கொள்ளாதீர்கள். இரத்தக் குறைவு அதிகம் வாட்டுவது பெண்களைத்தான். கர்ப்பிணிகளுக்கு இன்னும் ஆபத்து. பரிமாறும்போதே உங்கள் பங்கையும் ஒரு கிண்ணத்தில் எடுத்து வையுங்கள்.