உஷார்! இடுப்பு ஆபரேஷன் முடிந்த வீட்டில் தூக்க மாத்திரை

வெள்ளானூரிலோ கொள்ளுமேட்டிலோ அலமாதியிலோ, இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷன் முடிந்து உங்கள் வீட்டுக்கு ஒருவர் திரும்பியிருக்கிறாரா? இன்று இருட்டுவதற்குள் மருந்து டப்பாவைக் கொட்டிப் பாருங்கள். யாருக்கோ எப்போதோ எழுதிக்கொடுத்த தூக்க மாத்திரை, அரிப்புக்கு வாங்கிய ஏவில், பாதி மீந்த இருமல் சிரப் எல்லாவற்றையும் அவர் கைக்கு எட்டாத இடத்துக்கு மாற்றுங்கள். நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

ஆபரேஷன் ஆனவருக்குத் தூக்கம் வராது. முதல் ஆறு வாரம்தான் மிகவும் மோசம். வெட்டித் தைத்த சதையின் வீக்கம் ராத்திரியில் கூடுதலாக வலிக்கும். இத்தனை வருடம் ஒருக்களித்துப் படுத்துப் பழகியவரை மல்லாந்தே படு என்றால் முதுகு கடுக்கும். வலிக்குக் கொடுக்கும் வீரியமான மாத்திரைகளே ஆழ்ந்த தூக்கத்தைக் கலைப்பவை. போதாததற்கு, பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் கிளம்பியதும் பகலில் கண் அசந்துவிடும். வெளிவட்டச் சாலையில் லாரிச் சத்தம் மட்டும் கேட்கிற நேரத்தில் முழித்துக் கிடப்பார். இது பெரும்பாலும் வாரங்கள் போகப் போகத் தானே சரியாகிற விஷயம். ஆனால் மூன்றாவது நாள் கண் சிவந்து உட்கார்ந்திருப்பவரைப் பார்த்ததும் அக்கம்பக்கத்தில் யாராவது பரிதாபப்பட்டு, “அம்மாவுக்கு இதுல பாதி குடும்மா, அசந்து தூங்குவாங்க” என்று ஒரு அட்டையை நீட்டுவார்கள். பயப்பட வேண்டிய நேரம் அதுதான்.

காரணத்தைச் சொல்கிறேன். தேய்ந்தோ உடைந்தோ போன தொடை எலும்பின் தலையை எடுத்துவிட்டு, உலோகத் தண்டில் ஒரு பந்தைப் பொருத்தி, இடுப்பெலும்பில் வைத்த கிண்ணத்துக்குள் உட்கார வைத்திருக்கிறார்கள். அந்தப் பந்தை அங்கேயே இறுக்கிப் பிடித்து வைக்க வேண்டியது சுற்றியிருக்கும் சதையும் சவ்வும். அவை ஆற வாரக்கணக்காகும். பந்து கிண்ணத்தை விட்டு நழுவும் ஆபத்து முதல் மூன்று மாதத்தில்தான் அதிகம். பின்பக்கமாகத் திறந்து ஆபரேஷன் செய்திருந்தால் இடுப்பைத் தொண்ணூறு டிகிரிக்கு மேல் மடக்கக் கூடாது, கால் மேல் கால் போடக் கூடாது, பாதத்தை உள்பக்கம் திருப்பக் கூடாது. முழிப்பாக இருப்பவருக்கு இது ஞாபகம் இருக்கும். மாத்திரை மயக்கத்தில் ராத்திரி இரண்டு மணிக்கு ஒன்றுக்குப் போக எழுந்திருப்பவருக்கு இருக்காது. வாக்கரை மறந்து இரண்டு அடி எடுத்து வைப்பார். ஈரத் தரையில் விழுந்தால் பந்து நழுவலாம். புதிய தண்டைச் சுற்றியுள்ள எலும்பே உடையலாம். பிறகு செய்யும் ஆபரேஷன் முதலாவதை விடக் கடினமானது.

ராத்திரி பாத்ரூம் எவ்வளவு பொல்லாதது என்பதற்குத் தூரம் போக வேண்டாம். தெலங்கானாவின் முன்னாள் முதல்வர் கே. சந்திரசேகர ராவ் 2023 டிசம்பர் 7 அன்று இரவு எர்ரவல்லி பண்ணை வீட்டில் தவறி விழுந்தார். இடது இடுப்பு உடைந்து, மறுநாளே ஹைதராபாத் யசோதா மருத்துவமனையில் மூட்டு மாற்று ஆபரேஷன். வயது 69. தேற ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகும் என்றார்கள் மருத்துவர்கள். சுற்றிலும் உதவிக்கு ஆட்கள் உள்ளவருக்கே ஒரு சறுக்கலுக்கு இவ்வளவு. ஏற்கெனவே ஆபரேஷன் ஆன இடுப்போடு நம் வீட்டுப் பெரியவர் விழுந்தால்?

அல்பிரசோலம், டயசிபாம், நைட்ராசிபாம், சோல்பிடம்: அட்டையில் இந்தப் பெயர்கள் இருக்கிறதா பாருங்கள். 65 வயதைத் தாண்டியவர்களுக்குத் தவிர்க்கச் சொல்லி அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் வெளியிடும் பட்டியலில் இந்த ரகங்கள் இருக்கின்றன. விழுதல், எலும்பு முறிவு, சித்தக் குழப்பம் ஆகியவைதான் காரணம். ஏவில், சிபிஎம் போன்ற பழைய அலர்ஜி மாத்திரைகளும் அதே பட்டியலில் உண்டு. “அலர்ஜி மாத்திரைதானே, என்ன செய்துவிடும்?” என்று நினைக்காதீர்கள். வயதானவரைக் குழப்பும், சிறுநீரை அடைக்கும். புராஸ்டேட் தொல்லை உள்ள ஆண்களுக்கு ராத்திரியோடு ராத்திரியாக ஆஸ்பத்திரிக்கு ஓடும் நிலை வரும்.

இதைவிட மோசமானது கூட்டுச் சேர்வது. டிஸ்சார்ஜ் தாளை எடுங்கள். வலிக்கு டிராமடால் எழுதியிருக்கிறார்களா? ராத்திரிக்கு பிரிகாபலின் இருக்கிறதா? அதோடு தூக்க மாத்திரை சேர்ந்தால் மூச்சின் வேகமே தணிந்துபோகும். குறட்டை விடுபவர், உடல் பருத்தவர், மூச்சுக் கோளாறு உள்ளவர் என்றால் உயிருக்கே ஆபத்து. சாராயமும் அப்படித்தான். “கொஞ்சம் போட்டால் தூங்கிடுவார்” என்று அப்பாவுக்கு ஊற்றிக் கொடுக்கும் மகன்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

2014 மார்ச் முதல் அல்பிரசோலம், டயசிபாம், சோல்பிடம், டிராமடால் எல்லாம் எச்1 அட்டவணையில் இருக்கின்றன. சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. யாருக்கு, எந்த மருத்துவர் எழுதி விற்றோம் என்று கடைக்காரர் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். அட்டையில் சிவப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கை அச்சிட்டிருக்கும். அதைப் பார்த்த பிறகும் கடன் வாங்கிய அட்டையிலிருந்து பிய்த்துக் கொடுக்காதீர்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. பல வருடமாகத் தினமும் தூக்க மாத்திரை போட்டுவந்தவர் இதைப் படித்துவிட்டுத் திடீரென்று நிறுத்தக் கூடாது. நடுக்கம், பதற்றம், சிலருக்கு வலிப்புகூட வரும். அப்படிப்பட்டவர் அந்தப் பழக்கத்தை ஆபரேஷன் செய்த மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். எப்படிக் குறைப்பது என்பது அவர் வேலை.

அப்படியானால் ராத்திரியை எப்படிக் கடத்துவது? முதலில் வலியைப் பாருங்கள். வலி தாங்க முடியாமல் போன பிறகு மாத்திரையைத் தேடாமல், எழுதிக்கொடுத்த கடைசி வேளையைப் படுக்கைக்கு முன் வருமாறு அமைக்க முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். துணியில் சுற்றிய ஐஸ் பையைக் கால் மணி நேரம் வைத்தாலே பலருக்கு வீக்கம் அடங்கும். மல்லாந்து படுத்து இரண்டு காலுக்கும் நடுவே கனமான தலையணை. எப்போது ஒருக்களிக்கலாம், எந்தப் பக்கம் என்பது எந்த வழியாகத் திறந்தார்கள் என்பதைப் பொறுத்தது. சர்ஜன் சொல்லாமல் திரும்ப வேண்டாம்.

பாயும் தரையும் இப்போதைக்குக் கூடவே கூடாது. கட்டிலில் உட்கார்ந்தால் முட்டி இடுப்பை விடத் தாழ்ந்திருக்கும் உயரம் வேண்டும். போர்வையை இடுப்புக்கு மேலேயே வையுங்கள். கால்மாட்டில் கிடப்பதை எட்டி இழுப்பதுதான் சர்ஜன் வேண்டாம் என்ற குனிதல். இருட்டில், அரைத் தூக்கத்தில் அதைத்தான் எல்லோரும் செய்கிறார்கள்.

பகல் தூக்கம் அரை மணியோடு நிற்கட்டும். காலையில் வெயில் படும்படி வாசலில் வாக்கரோடு நடக்கட்டும். காபி, டீ மதியத்தோடு சரி. தண்ணீரைப் பகலிலேயே நிறையக் குடிக்கட்டும். பிபிக்கு நீர் பிரியும் மாத்திரை போடுபவர் அதைக் காலைக்கு மாற்றலாமா என்று கேட்கட்டும். படுக்கைப் பக்கத்தில் யூரின் கேனோ பெட்பேனோ வைக்க வெட்கப்பட வேண்டாம். பாத்ரூம் வரை சின்ன விளக்கு எரியட்டும்; கரண்ட் போனால் கைக்கு எட்ட டார்ச். எழுந்ததும் ஒரு நிமிடம் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, தலை சுற்றவில்லை என்று தெரிந்த பிறகே வாக்கர். துணைக்கு ஒருவர் அதே அறையில் படுக்க வேண்டும். கூப்பிட்டால் எழுந்திருப்பேன் என்று பக்கத்து அறையில் படுப்பது போதாது. விழுகிறவர்கள் பலர், பிள்ளையை எழுப்ப வேண்டாமே என்று தனியாகப் போனவர்கள்தான்.

பிசியோவுக்குப் போய்வர முடியாதவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தைக் கேளுங்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய இந்தத் திட்டத்தில் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வருகிறார்.

தூக்கமில்லை என்று தள்ளிவிடக் கூடாத ராத்திரிகளும் உண்டு. கெண்டைக்கால் ஒன்று மட்டும் வீங்கி வலித்தால் ரத்தம் கட்டியிருக்கலாம். அன்றே மருத்துவரைப் பாருங்கள். மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால் உடனே 108. இடுப்பில் ‘சடக்’ என்று ஆகி, கால் குட்டையாகி, ஊன்ற முடியாமல் போனாலும் 108தான். நீங்களே இழுத்து நேராக்கப் பார்க்காதீர்கள். காய்ச்சல், தையலில் நீர் கசிவு, யார் யாரோ அறையில் நிற்பதாகப் பேசுவது, எழுப்பினாலும் எழும்பாத அசதி, எதுவானாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். வண்டி வரும்போது போட்ட மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் டிஸ்சார்ஜ் தாளோடு ஒரே பையில் போட்டுக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டில் வாங்கியதையும் சேர்த்துத்தான்.